மாங்கோடும் மான்கோடும்

அன்புள்ள ஐயா,

என் மகள் பள்ளியில் சீன மொழி படிக்கிறாள். ‘மா’ என்றால் குதிரை என்று நேற்று சொன்னாள். பழந்தமிழிலும் மா என்றால் குதிரைதானே? இரண்டு மொழிக்கும் வேர் ஒன்று என்பதற்கு இது சான்றாகாதா?

வாசகர், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆகாது. உற்சாகத்தைக் கெடுப்பதற்கு மன்னியுங்கள்.

மகளையே சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். குரல் தாழ்ந்து எழுந்தால்தான் அது குதிரை. ஒரே உச்சத்தில் நீட்டினால் அம்மா, மேலே ஏற்றினால் சணல், வெட்டி இறக்கினால் வசவு. சீனருக்கு இவை நான்கு சொற்கள்; நம் காதுக்குத்தான் ஒன்று. பழைய சீனத்தில் குதிரைக்கான சொல்லில் ஒரு ரகரமும் இருந்தது என்பது மொழியியலாளர் கணிப்பு. உறவு மொழியான பர்மியத்தில் அந்த ரகரம் இன்றும் எழுத்தில் நிற்கிறது. மெய்யான உறவென்றால் பின்னோக்கிப் போகப் போகச் சொற்கள் நெருங்கவேண்டும். இது விலகுகிறது.

நம் மாவுக்குத்தான் எத்தனை பொருள்! மரம், விலங்கு, பெருமை, கருமை, இருபதில் ஒன்று. தஞ்சைப் பக்கம் மூன்று மா நிலம் என்றால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். யாழ்ப்பாணத்துக் கடையில் கோதுமை மா கேட்டால் மாவு கட்டித் தருவார்கள். இத்தனையையும் கையில் வைத்துக்கொண்டு எந்த மொழியோடு மோதினாலும் ஏதாவது ஒன்று ஒட்டத்தான் செய்யும். ஜப்பானியத்தில் மா என்றால் இடைவெளி, அரபியில் ‘என்ன?’. இவை ஒட்டவில்லை, ஆகவே இவற்றைப் பற்றி எனக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை.

தமிழுக்குள்ளேயே இது ஒரே சொல் இல்லை. தொல்காப்பியர் மரத்தை ‘மாமரக் கிளவி’ என்று தனியே பிரிக்கிறார். விலங்கைக் குறிக்கும் மாவுக்கு ‘னகரம் ஒற்றும் ஆவும் மாவும்’ என்கிறார்; அதாவது, பசுவைக் குறிக்கும் ஆவைப் போல இந்த மாவும் அடுத்த சொல்லோடு சேரும்போது ‘ன்’ பெறும். கோடு என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். மாங்கோடு என்றால் மாமரக் கிளை, மான்கோடு என்றால் விலங்கின் கொம்பு. ஒரு மெல்லெழுத்து இரண்டையும் பிரித்துவிடுகிறது. (கோட்டுக்கும் இரண்டு பொருள் இருப்பதை இன்னொரு கடிதத்துக்கு வைத்துக்கொள்வோம்.)

உங்களுக்கு ஓர் ஆறுதல். நம் மா சீனத்துக்குப் போகாமல் இல்லை. குதிரையாகப் போகவில்லை, அவ்வளவுதான். மாங்காய் கடலேறி மலாயில் ‘மங்கா’ ஆனது. சீனத்தில் மாம்பழத்துக்கு ‘மாங்குவோ’ என்று பெயர். ‘குவோ’ என்றால் அவர்கள் மொழியில் பழம். நம் காயைக் கழற்றிவிட்டுப் பழத்தை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.