மொட்டை மாடியில் சோலார்: போட்ட பணம் திரும்புமா?

கேள்வி: எங்கள் சொந்த வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் அமைத்தால் ஏழே ஆண்டுகளில் போட்ட பணம் வந்துவிடும், அதன்பின் மின்சாரம் இலவசம் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். நானும் கணவரும் வேலைக்குச் செல்வதால் பகலில் வீடு பூட்டியே இருக்கும். சேமிப்பை இதில் போடலாமா? மின்வெட்டின்போது இது கைகொடுக்குமா?
– ஒரு வாசகி

பதில்: போடலாம், ஆனால் அந்த ஏழாண்டுக் கணக்கை அப்படியே நம்பிப் போடாதீர்கள். நல்ல வெயில் உள்ள இடத்தில் ஒரு கிலோவாட் சோலார், ஆண்டு முழுவதற்குமான சராசரியில், நாளொன்றுக்கு 4 யூனிட் அளவில் தரும். அப்படியானால் உங்களுக்கு நாளுக்கு 12 யூனிட், ஆண்டுக்கு ஏறத்தாழ 4,380 யூனிட் கிடைக்கும். விற்பனையாளர் அத்தனை யூனிட்டையும் நீங்கள் மின்கட்டணமாகச் செலுத்தும் விலைக்கே பெருக்கியிருப்பார் என்று நினைக்கிறேன். வீட்டில் அப்போதைக்கப்போது செலவாகும் மின்சாரத்துக்குத்தான் அந்த விலை பொருந்தும். மீதமாகி மின்கம்பிக்குத் திரும்பும் யூனிட்டுக்கு என்ன மதிப்பு என்பதை உங்கள் மின்வாரியத்தின் விதியே முடிவு செய்கிறது.

கொடுத்த யூனிட்டுக்கு ஈடாக அதே யூனிட்டைக் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டரிங் முறை இருந்தால் உங்களுக்குக் கவலையில்லை. மாறாக, திரும்பும் யூனிட்டுக்குப் பாதி விலைதான் கிடைக்கும் என்றும், வீடு பூட்டியிருப்பதால் உற்பத்தியில் கால்பங்கைத்தான் நீங்கள் நேரடியாகப் பயன்படுத்துவீர்கள் என்றும் வைத்துக்கொண்டால், ஏழு ஆண்டு என்பது பதினோரு ஆண்டுகளைத் தாண்டிவிடும். துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர் மோட்டார், வெந்நீர் ஹீட்டர் ஆகியவற்றை டைமர் வைத்து நண்பகலில் ஓடச் செய்து, பயன்பாட்டைப் பாதியாக உயர்த்த முடிந்தால் அதே கணக்கு ஒன்பதரை ஆண்டுகளுக்குள் அடங்கும். ஆகவே கடந்த பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் பயன்பாட்டுக்கு 3 கிலோவாட் தேவைதானா, 2 போதுமா என்று முதலில் பாருங்கள். பெரிதாகப் போட்டால் லாபமும் பெரிதாக வரும் என்ற எண்ணம் பல வீடுகளில் பணத்தை முடக்கிவிடுகிறது.

அடுத்து மாடிக்கு ஏறி, காலை ஒன்பது மணிக்கும் நண்பகலிலும் மாலை நான்கு மணிக்கும் நிழல் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். பேனல்கள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்படுவதால், தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தை மட்டும் மறைத்தாலும், மறைந்த பரப்பின் அளவைவிடக் கூடுதலாகவே மின் உற்பத்தி குறையும். கடும் வெயிலால் உற்பத்தி கூடும் என்பதும் பாதி உண்மையே. பேனலின் திறன் 25 டிகிரி வெப்பத்தில் அளக்கப்படுகிறது. அதற்கு மேல் பேனல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறைவதால், பேனலுக்கு அடியில் காற்றோட்டம் இருக்கும்படி உயர்த்திப் பொருத்தச் சொல்லுங்கள்.

அதன்பின் இலவசம் என்ற பேச்சையும் ஏற்க முடியாது. பேனல் 25 ஆண்டுகள் உழைக்கும், அதன் திறன் ஆண்டுக்கு அரை சதவீதம் அளவுக்கே குறையும் என்பது சரிதான். ஆனால் பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றித் தரும் இன்வெர்ட்டரை 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும், தூசியைக் கழுவும் வேலையும் தொடர்ந்து இருக்கும். கடன் வாங்கிப் போடுவதானால் வட்டியையும் கூட்டுங்கள். இவை அத்தனையும் சேர்ந்தும் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் முதல் திரும்புமானால், அந்த வீட்டிலேயே தொடர்ந்து வசிக்கப் போகிறவர்களுக்கு இது நல்ல முதலீடு என்பதே என் கருத்து. மின்கட்டணம் உயர உயர உங்கள் சேமிப்பும் உயரும் என்பது, வைப்புத்தொகைக்கு இல்லாத ஒரு வசதி.

மின்வெட்டைப் பொறுத்தவரை, பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு, உச்சி வெயிலடித்தாலும் மின்சாரம் போனவுடன் தானே நின்றுவிடும். கம்பியில் பழுது பார்ப்பவரின் உயிரைக் காக்கவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். பேட்டரி சேர்த்தால் விளக்கும் விசிறியும் ஓடும், ஆனால் செலவு கணிசமாக ஏறி, முதல் திரும்பும் காலமும் நீளும். மின்வெட்டு உங்கள் பகுதியில் அரிதென்றால், பின்னாளில் பேட்டரி இணைக்கத்தக்க ஹைப்ரிட் இன்வெர்ட்டரை மட்டும் இப்போது கேட்டு வாங்குங்கள்.