அறுவைக்கு முன் மனசுக்குள் எங்கே போவது?

கேள்வி: தாதி அக்கா, எனக்கு 63 வயது. அடுத்த மாதம் வலது முழங்கால் மூட்டை மாற்றப் போகிறார்கள். நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது, தூக்கமே இல்லை. மகள் கைப்பேசியில் ஒரு ஒலிப்பதிவு போட்டுக் கொடுத்தாள். 'கடற்கரையில் படுத்திருப்பதாக நினையுங்கள்' என்கிறது. எனக்குக் கடல் என்றாலே பயம். இதெல்லாம் உதவுமா?
- யீஷூன் வாசகி

பதில்: உதவும்மா. ஆனால் அந்தக் கடற்கரையை விட்டுவிடுங்கள். போகிற இடம் உங்களுடையதாக இருந்தால்தான் மனசு அங்கே தங்கும்.

நான் அறுவைக்கூடத்தில் வேலை பார்த்தபோது ஒரு பெரியவர் தள்ளுகட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். வீட்டு வாசல் நடைபாதையில் இருக்கும் செடிகளுக்கு ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றுகிறாராம்! துளசி, கற்றாழை, அப்புறம் கறிவேப்பிலை. "இலையைக் கிள்ளிட்டேன், வாசனை வருது" என்றார். இறுக்கிப் பிடித்திருந்த கை அதற்குள் தளர்ந்திருந்தது. இப்படிப் பார்ப்பது, தொடுவது, முகர்வது எல்லாம் சேர வேண்டும்.

அதற்கு முன் மூச்சு. 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். பிறகு கை, தோள், முகம் என்று ஒவ்வொரு பகுதியாகச் சற்று இறுக்கித் தளர்த்துங்கள். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929லேயே புத்தகமாக எழுதிய முறை இது. வலிக்கிற காலை மட்டும் இறுக்க வேண்டாம். இன்றிலிருந்தே தினமும் படுக்கப்போகும்போது செய்யுங்கள். பழகாததை அறுவை அன்று காலையில் மனசு கேட்காது.

அறுவைக்கு மனத்தைத் தயார்ப்படுத்தும் பலவகை முறைகள் பற்றிய 105 ஆய்வுகளை 2016இல் காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பு தொகுத்துப் பார்த்தது. வலியும் பதற்றமும் குறையலாம், சுமார் அரை நாள் முன்னதாக வீடு திரும்பலாம் என்று தெரிந்தது. சான்றுகள் அவ்வளவு வலுவானவை அல்ல என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். அதனால் மருந்துக்குப் பதில் இது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

முழங்கால் அறுவையைப் பலருக்கு முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச்செய்து நடத்துவார்கள். முழிப்பு இருந்தால் சுத்தியல் சத்தம்கூடக் கேட்கலாம். காதில் பாட்டு கேட்க அனுமதி உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். மயக்க மருத்துவரிடம் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அரைத்தூக்கத்தில் வைக்க அவரிடம் மருந்து உண்டு.

கண்ணை மூடினால் பயம் கூடுகிறதா? சரி, திறந்தே வைத்துக்கொண்டு மூச்சை மட்டும் எண்ணுங்கள். அறுவைக்குப் பிறகு இயன்மருத்துவர் காலை மடக்கச் சொல்லும்போதும் அதே வெளிமூச்சோடு மடக்குங்கள்.