கை சின்னதென்றால் 8 அவுன்ஸா?

கேள்வி: குத்துச்சண்டைப் பயிற்சியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. பயிற்சிக்கூடத்துப் பொது கிளவுஸின் நாற்றம் தாங்கவில்லை. சொந்தமாக வாங்கலாம் என்று ஆன்லைனில் தேடினால் 8, 10, 12, 14, 16 அவுன்ஸ் என்று வரிசையாக வருகிறது. என் எடை 58 கிலோ, கை சின்னது. 8 அவுன்ஸ் எடுத்தால் சரியாக இருக்குமா? (வாசகி ஒருவர்)

பதில்: வேண்டாம். செருப்பு சைஸ் மாதிரி நினைத்துவிட்டீர்கள். என்னிடம் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அவுன்ஸ் என்பது கையின் அளவு இல்லை, ஒரு கிளவுஸின் எடை. ஓர் அவுன்ஸ் சுமார் 28 கிராம்; 16 அவுன்ஸ் என்றால் ஒரு கையில் மட்டும் ஏறக்குறைய 450 கிராம். எடை கூடக்கூட உள்ளே மெத்தையும் தடிக்கும். 8 அவுன்ஸ், தொழில்முறைப் போட்டியில் எடை குறைந்த பிரிவினர் போடுவது. அவர்கள் குத்து எதிராளிக்கு உறைக்க வேண்டும். உங்களுக்கு இப்போது விரல் கணு தப்பினால் போதும்.

பஞ்சிங் பேக்கைக் குத்த, உங்கள் எடைக்கு 10 அல்லது 12 போதும். எதிரே ஆளை நிறுத்தி மோதிப் பழகும் ஸ்பாரிங் என்றால் 14க்குக் கீழே நான் யாரையும் வளையத்துக்குள் விடுவதில்லை, 16 இன்னும் நல்லது. அது எதிரே நிற்பவரின் மூக்குக்காக! ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்றால் 14 வாங்குங்கள். பேக்கைக் குத்திக் குத்தி மெத்தை அமுங்கிவிட்டால், அப்புறம் அதை ஸ்பாரிங்குக்குக் கொண்டுவராதீர்கள்.

சரி, கைக்குப் பொருந்துமா என்பது தனிக் கணக்கு. தையல் டேப்பை எடுத்து, கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் கணுக்களுக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். எழுதும் கையை அளப்பது நல்லது, பெரும்பாலும் அதுதான் கொஞ்சம் பெரிது. நான் முதல் ஜோடி வாங்கியபோது வெறுங்கையை அளந்து, விற்பவரின் அளவு அட்டவணையில் அச்சாகப் பொருந்தியதைத் தேர்ந்தெடுத்தேன். கிளவுஸுக்குள் கையில் சுற்றிக்கொள்ளும் துணிப்பட்டை, அதாவது ஹேண்ட் ராப்பை மறந்தே போனேன். நாலரை மீட்டர் துணியைச் சுற்றியபின் கட்டைவிரல் உள்ளே போவேனா என்றது. எப்படியோ திணித்து நாலு குத்து விட்டதில் வேர்வை பட்டுவிட்டது. திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். அதனால் அட்டவணையில் இருப்பது வெறுங்கை அளவா, ராப் சுற்றிய அளவா என்று பாருங்கள். அதைக் குறிப்பிடவில்லை என்றால் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு நிறுவனத்தின் 12 அவுன்ஸ் தளர்வாக இருக்கும், இன்னொன்றில் அதே 12 இறுக்கும். உள்ளே ஒடுக்கமாகத் தைத்த, பெண்களுக்கான ஜோடிகளும் உண்டு. உங்களுக்கு அதையே முதலில் பார்க்கச் சொல்வேன்.

வெல்க்ரோவா லேஸா என்று யோசிக்கவே வேண்டாம், வெல்க்ரோதான். லேஸ் கட்ட இன்னொரு ஆள் வேண்டும்.

பெட்டி வந்ததும் ராப் சுற்றிக்கொண்டு போட்டுப் பாருங்கள். விரல் நுனி கிளவுஸின் உள்முனையை லேசாகத் தொட வேண்டும், முஷ்டி சிரமமில்லாமல் மூட வேண்டும். விரல் மடங்கி நெருக்கினால் சின்னது. உதறும்போது கை உள்ளே ஆடினால் பெரிது. புதுசைக் கண்டதும் எதையாவது குத்தக் கை துறுதுறுக்கும். முடிவு செய்யும்வரை குத்தாதீர்கள்.

நாற்றம் பற்றி எழுதியிருந்தீர்களே, அது உங்கள் கிளவுஸிலும் வரும். பயிற்சி முடிந்ததும் பைக்குள் திணிக்காமல், கிளவுஸின் வாயை நன்றாகத் திறந்து காற்றில் வையுங்கள்.