அடுப்பு நல்லா விழுந்திருக்கு

அன்புள்ள அக்கா,

டிசம்பரில் எனக்குக் கல்யாணம். அதற்கு முன் பிரீ-வெட்டிங் ஷூட் ஒன்று எடுக்கவேண்டும் என்று ஆசை. போட்டோகிராபர் மும்பையில் நான்கு இடங்கள் சொல்கிறார்: மரைன் டிரைவ், பாந்த்ரா கோட்டை, சசூன் டாக், தாராவியில் ஏதாவது ஒரு சந்து. கடைசி இரண்டும் 'ரா லுக்' தரும், எல்லோரும் எடுப்பதுபோல் இருக்காது என்கிறார். காலை 11 முதல் மதியம் 3 வரைதான் அவருக்கு நேரம் இருக்கிறதாம். நீங்கள் தாராவியில் வளர்ந்தவர் என்று படித்ததால் கேட்கிறேன். எந்த இடம் சரியாக வரும்? அங்கே தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லமுடியுமா? என் அம்மாவோ, எங்கள் பில்டிங் கேட் முன்னால் ஒரு படம் எடுத்தால் போதும் என்கிறார். கேட்டுச் சிரித்துவிட்டோம்.

எஸ்., முலுண்ட்

அன்புள்ள எஸ்.,

வாழ்த்துகள். பெண் பெயரை எழுதவில்லையே தம்பி? நான்கு இடத்தின் பெயர் இருக்கிறது, கட்டிக்கொள்ளப் போகிறவளின் பெயர் இல்லை. போகட்டும்.

உங்கள் கடிதம் வந்த அன்று என் அம்மாவின் பழைய படம் ஒன்றைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கேள்விக்கு நான் ஆளே இல்லை.

மரைன் டிரைவ் போகலாம். ஆனால் கடலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். நம் ஆட்களுக்கு இதில் ஒரு பழக்கதோஷம் உண்டு. மெரினாவிலும் திருச்செந்தூரிலும் கடல் கிழக்கே இருக்கிறது. சாயங்காலம் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் வெயில் முகத்தில் விழும். இங்கே கடல் மேற்கே. அதே மாதிரி நின்றால் வெயில் முதுகில் விழும், முகம் கரிச்சட்டி. வானத்தின் பிரகாசத்துக்கு கேமரா கணக்குப் போட்டுவிடும், நீங்கள் இரண்டு பேரும் நிழலுருவம். அதுதான் வேண்டும் என்றால் சரி, மாப்பிள்ளை யாராக இருந்தாலும் அந்தப் படத்துக்குப் பொருந்தும். போட்டோகிராபரைக் கடல் சுவர் பக்கம் நிறுத்திவிட்டு, நீங்கள் கட்டிடங்களுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். அந்த வரிசையில் பல 1930களிலும் 40களிலும் எழுந்த ஆர்ட் டெகோ பாணிக் கட்டிடங்கள், 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. மாலை வெயில் அவற்றின் முகத்திலும் விழும், உங்கள் முகத்திலும் விழும். இதற்கெல்லாம் காசு கிடையாது, திரும்பி நின்றால் போதும். கேட்வே ஆஃப் இந்தியா இதற்கு நேர்மாறு. அது கிழக்கே துறைமுகத்தைப் பார்த்து நிற்பது, அங்கே விடியற்காலை போகவேண்டும்.

பாந்த்ரா கோட்டை 1640இல் போர்ச்சுக்கீசியர் கட்டியது. பின்னால் ஸீ லிங்க் பாலம் தெரியும் என்பதற்காகப் போவார்கள். டிசம்பர் புகைமூட்டத்தில் பல நாள் பாலம் வெளுத்துப்போய் இருக்கும். போகிற அன்று காலையில் பார்த்து முடிவு செய்யுங்கள். கீழே பாறைகளில் மட்டும் இறங்கவேண்டாம். 2016 ஜனவரியில் பக்கத்திலுள்ள பேண்ட்ஸ்டாண்ட் கடற்கரையில் செல்ஃபி எடுத்த ஒரு பெண்ணை அலை கொண்டுபோனது, காப்பாற்றக் குதித்தவரும் திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் போலீஸ் நகரத்தில் பல இடங்களை செல்ஃபி கூடாத இடம் என்று அறிவித்தது.

11 முதல் 3 வரை என்ற நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். மே மாதம் கேட்டிருந்தால் சண்டையே போட்டிருப்பேன். மே நடுவில் மும்பையில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும், கண் இரண்டும் குழியாகிவிடும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து, நண்பகலில்கூட 48 பாகை உயரத்தில்தான் இருக்கும். கொடுமை கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஆறு மணியை ஒட்டி அஸ்தமனம், ஆகவே நாலரைக்கு வரச் சொல்லுங்கள். வரமுடியாது என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

இனி அந்த 'ரா லுக்'.

ரா என்றால் வேகாதது. எங்கள் சந்தில் வேகாதது எதுவும் இருந்ததில்லை தம்பி. விடிகாலை மூன்று மணிக்கே அம்மா முதல் ஈடு இட்லியை இறக்கியிருப்பாள். ஆறு மணிக்கு அப்பா அலுமினியத் தூக்குகளை சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இந்த நகரத்தில் சைக்கிளில் இட்லி விற்கிறவர்கள் எத்தனையோ பேர் இன்றும் தாராவியிலிருந்துதான் கிளம்புகிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் பிழைத்தது இப்படியும்தான்.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஒருநாள் ஒரு கேமராக்காரர் வந்தார். வெளியூர் பத்திரிகைக்காரர், கூட இந்தி பேசுகிற ஓர் ஆள். அம்மா அடுப்படியில் குனிந்து இட்லியிலிருந்து துணியை உரித்துக்கொண்டிருந்தாள். படம் எடுக்கலாமா என்று அந்த ஆள் கேட்டார். அம்மாவுக்கு வெட்கமும் சந்தோஷமும். "செத்த இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஒரு சேலைக்குப் பின்னால் மறைந்து வேறு சேலை மாற்றினாள், மாம்பழ நிறம், ஊரில் கோயில் கொடைக்குக் கட்டுவது. பவுடர் போட்டாள். தலைவாரி, முந்தின நாள் கனகாம்பரத்தைத் தண்ணீர் தெளித்து வைத்துக்கொண்டாள். அவள் வெளியே வந்தபோது கேமராக்காரரின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மரியாதைக்கு ஒன்று எடுத்தார். ஃபிலிம் நகர்ந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை, எடுத்தாரோ என்னவோ. அவருக்கு வேண்டியது முன்னாலேயே கிடைத்துவிட்டிருந்தது. அம்மா குனிந்திருந்தபோதே கேட்காமல் எடுத்திருக்கிறார்.

சில மாதம் கழித்து அப்பாவின் வாடிக்கைக்காரர் ஒருவர் அந்தப் பத்திரிகைப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தனுப்பினார். அம்மா அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தாள். "மூஞ்சி எங்கட்டி?" என்றாள். ஆவிக்குள் ஒரு தோளும் கையும்தான் இருந்தன. பிறகு சொன்னாள்: "அடுப்பு நல்லா விழுந்திருக்கு."

அந்த மாதமே சயான் பக்கம் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். அங்கே மூன்று படுதா இருந்தது: தாஜ்மகால், அருவி, பங்களா மாடிப்படி. அம்மா மாடிப்படியைக் காட்டினாள். அருவிதான் அழகு என்று நான் அடம்பிடித்தேன். "ஏணியிலயே ஏறி எறங்கியாச்சு. படி வச்ச வூட்டுல ஒரு படம் இருக்கட்டும்" என்றாள். எங்கள் வீட்டுப் பரணுக்கு இரும்பு ஏணி. ஈரக் கையோடு ஏறி அதில் எத்தனை முறை சறுக்கியிருக்கிறாள்! ஸ்டூடியோக்காரர் ரோலில் பன்னிரண்டு படம்தான் என்று கணக்குப் பார்க்கிறவர், ஒரே ஒரு தடவைதான் அமுக்குவேன் என்றார். அம்மா இடது காலை ஒரு விரல்கடை முன்னால் வைத்து நின்றாள், படியேறப் போகிறவள் மாதிரி. படுதாவின் கீழ்விளிம்பு சுருண்டு, படிக்கட்டு சிமெண்ட் தரையில் முடிந்துபோவது படத்தில் நன்றாகத் தெரிகிறது. நான் தேடியது இந்தப் படத்தைத்தான்.

போலிப் பின்னணி என்று படுதாவைக் கேலிசெய்கிறவர்களிடம் எனக்கு இனிப் பேச்சில்லை. அந்த இடத்தை என் அம்மா தேர்ந்தெடுத்தாள். அடுப்படியை வேறொருவர் அவளுக்காகத் தேர்ந்தெடுத்தார்.

நீங்கள் சந்தில் போய் நிற்கும்போது சுவரோடு சேர்ந்து யாராவது ஒருத்தி குடத்தோடு படத்தில் விழுவாள். அவள் தலைவாரிக்கொள்ள உங்கள் போட்டோகிராபர் நேரம் கொடுப்பாரா? இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பவேண்டிய சந்து அது. அங்கே லைட் ஸ்டாண்ட், உதவியாள், கவுனைத் தூக்க ஒருத்தர். தண்ணீர் வருகிற நேரமாக இருந்தால் நல்ல தமிழில் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள், அந்தத் தமிழை நான் இங்கே எழுதமுடியாது. சசூன் டாக்கும் அப்படித்தான். 1875இல் கட்டிய துறை, இப்போது மீன் இறங்குகிற இடம், விடிகாலை ஏலத்தில் கூடை சுமந்து ஓடுகிறவர்களின் வழியில் பட்டுச்சேலை எதற்கு? தாராவியைச் சுற்றிக் காட்டுகிற அமைப்புகளிலேயே கேமராவை வெளியே எடுக்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. காசு வாங்கிக் கூட்டிப்போகிறவர்களுக்கு இருக்கிற கூச்சம் உங்களுக்கு இல்லாமல் போனது எனக்கு வருத்தம். தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். சொல்லமாட்டேன்.

கோபமாக எழுதிவிட்டேன். உங்களுக்கு முப்பது வயதுகூட இருக்காது, யாரோ சொன்னதை அப்படியே எழுதிவிட்டீர்கள், தெரிகிறது.

அந்த பில்டிங் கேட் விஷயத்துக்கு வருகிறேன். நான்கு இடத்தைப் பற்றி எழுதிய நீங்கள் அம்மாவுக்கு ஒரே வரி கொடுத்திருக்கிறீர்கள், அதிலும் சிரிப்பு. முலுண்டில் அந்த வீடு வாங்க எத்தனை வருடக் கடன், அதற்கு முன் எங்கே குடியிருந்தீர்கள், வாடகை ஒப்பந்தம் முடிகிறபோதெல்லாம் பாத்திரத்தைக் கட்டியது யார் என்று கேட்டுப்பாருங்கள். கேட்டில் பில்டிங் பெயர் எழுதியிருக்கும்தானே? எழுத்து முழுதாக விழவேண்டும் என்பார், விழட்டும். ஃபிரேம் கெடுகிறது என்று போட்டோகிராபர் முனகுவார், முனகட்டும்.

கேட் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று எழுதுங்கள். மேற்கு என்றால் மாலை நாலரை. கிழக்கு என்றால் காலையில் எட்டரைக்குள், அதற்குப் பிறகு பள்ளிக்கூட வேன்கள் வந்து மறைத்துக்கொள்ளும். அம்மா சேலை மாற்ற அரைமணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.