பின்னால் தடி பார் போடலாமா? கேள்வி பதில்

தினமும் ஓட்டும் காரில் பின்பக்க ஸ்வே பாரை மாற்றுவது பற்றிக் கேளுங்கள் என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஸ்வே பார், ஆன்டி ரோல் பார், ஸ்டெபிலைசர் பார் மூன்றும் ஒன்றுதான், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் இரும்புக் கம்பி; பெயரை வைத்துச் சண்டை வேண்டாம்.

கேள்வி: முன்சக்கரம் இழுக்கும் ஹேட்ச்பேக் சார். வளைவில் மூக்கு வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. பின்னால் 19 மி.மீ. பார் இருக்கிறது. 22 போட்டால் சரியாகுமா? மூன்று மில்லியில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும்?

பதில்: மூன்று மில்லி என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். முறுக்கை எதிர்க்கும் பலம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 22ஐ 19ஆல் வகுத்து, வந்த எண்ணை நான்கு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட 1.8 வரும். அதாவது 80 சதவீதம் கூடுதல் இறுக்கம். 18-லிருந்து 22க்குத் தாவினால் இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டு பாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் உள்ள வித்தியாசம்தான் தெரியும்.

மூக்கு தள்ளுவது குறையும். எப்படி என்பதைப் புரிந்துகொண்டு போடுங்கள். இந்தப் பார் இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் கோக்கும் ஒரு முறுக்கு ஸ்பிரிங். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் அது சும்மா சுழலும். வண்டி சாய்ந்து ஒரு சக்கரம் மேலேயும் ஒன்று கீழேயும் போனால்தான் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். பின் பார் இறுகினால், வளைவில் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் சுமையில் பெரிய பங்கைப் பின்பக்கம் ஏற்கிறது, முன்பக்கத்தின் பங்கு குறைகிறது. முன் டயருக்கு மூச்சு கிடைக்கும், பின் டயருக்குத் திணறும். பார் புதிதாகப் பிடிப்பு எதையும் கொண்டுவருவதில்லை. பின்னாலிருந்து கொஞ்சம் எடுத்து முன்னால் கொடுக்கிறது, அவ்வளவே.

ஆகவே நான் கேட்கும் முதல் கேள்வி: பின் டயர் என்ன நிலையில் இருக்கிறது?

காரணத்தோடுதான் கேட்கிறேன். என் பழைய காரில் 18ஐக் கழற்றி 22 போட்ட பிறகு வந்த முதல் மழை. ஒரு ரவுண்டானாவில் 40ஐக்கூடத் தாண்டாத வேகம். முன்னால் போனவர் திடீரென்று பிரேக் போட, நான் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தேன். காலை எடுத்தால் சுமை முன்னால் போகும், பின்பக்கம் லேசாகும். சத்தமே இல்லாமல் பின்பக்கம் நழுவியது. ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வைப்பர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த வண்டியின் ஹெட்லைட் என் முகத்துக்கு நேரே நின்றது. பாரைக் குற்றம் சொல்ல மாட்டேன். புது டயர் இரண்டை முன்னால் போட்டுவிட்டு, தேய்ந்த இரண்டைப் பின்னால் தள்ளியிருந்தேன். முன்சக்கர வண்டியென்றால் புதுசு முன்னால்தான் என்று பலரும் செய்கிற அதே வேலை. புது ஜோடி எப்போதும் பின்னால்தான் போக வேண்டும்.

கேள்வி: உள்ளே குழாயாக இருக்கும் பார் விற்கிறார்கள். வலு இருக்குமா?

பதில்: இருக்கும். முறுக்கில் வேலை செய்வது பெரும்பாலும் வெளிவட்டம்தான், நடு இரும்பு பெரும்பாலும் வெறும் சுமை. 25 மி.மீ. குழாய், சுவர் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே தடிமன் கெட்டிப் பாரின் இறுக்கத்தில் 67 சதவீதம் கிடைக்கும், எடை 42 சதவீதம்தான். ஆனால் வெளிவிட்டத்தை மட்டும் பார்த்துக் குழாயையும் கெட்டிப் பாரையும் ஒப்பிடாதீர்கள். சுவர் எத்தனை மில்லி என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: பாரின் நுனியில் மூன்று துளை இருக்கிறது. எதில் மாட்டுவது?

பதில்: நுனிக்கு அருகில் இருக்கும் துளை இளக்கம், உள்ளே போகப்போக இறுக்கம். பாரின் கை நீளம், அதாவது வளைவிலிருந்து துளைவரை உள்ள தூரம், 250 மி.மீ.-லிருந்து 230 ஆனால் இறுக்கம் சுமார் 18 சதவீதம் கூடும். இளக்கமான துளையில் ஆரம்பியுங்கள். ஒரு மழையாவது பார்த்துவிட்டு மாற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே துளை. இதைச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன், ஒருவர் வண்டியை அடியில் குனிந்து பார்க்கும்வரை.

கேள்வி: 20 மி.மீ.-லிருந்து 22 போட்டால் வித்தியாசம் தெரியுமா?

பதில்: 46 சதவீதம். தெரியும். பின் டயரைப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, என் காரில் பின்னால் பாரே இல்லை. இரண்டு பின் சக்கரத்தையும் ஒரே குறுக்கு பீம் இணைக்கும் டார்ஷன் பீம். நான் என்ன செய்வது?

பதில்: இல்லை என்று யார் சொன்னது? அந்தக் குறுக்கு பீமே பார்தான் தம்பி. ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது அது முறுக்கிக்கொள்ளும்படிதான் திறந்த வடிவில் செய்திருக்கிறார்கள். சில மாடல்களில் அதன் வயிற்றுக்குள்ளேயே ஒரு கம்பியும் இருக்கும். சக்கரத்தைப் பிடிக்கும் இரண்டு பக்கக் கைகளுக்கும் நடுவே போல்ட் போட்டு மாட்டும் கூடுதல் பார்கள் கிடைக்கின்றன, வேலையும் செய்யும். உங்கள் மாடலுக்கென்று செய்ததை, இருக்கும் துளைகளில் மாட்டுவதாக இருந்தால் மட்டும் போடுங்கள். பீமில் புதிதாகத் துளை வேண்டாம், வெல்டிங் வேண்டவே வேண்டாம். ஓயாமல் முறுக்கு வாங்கும் இரும்பு அது. வெல்டிங் வைத்த ஓரத்தில்தான் விரிசல் ஆரம்பிக்கும்.

கேள்வி: பானெட்டுக்கு அடியில் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் பார் போட்டேன். வண்டி சாய்வது குறையவில்லையே?

பதில்: அது ஸ்ட்ரட் பார், வேறு சாமான். பாடி வளையாமல் பிடிக்கும், சாய்வைத் தடுக்காது.

கேள்வி: நானும் முன்சக்கர இழுவைதான். பின்னால் தொடவே இல்லை, முன்னால் தடி பார் போட்டேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மூக்கு இன்னும் தள்ள வேண்டும். எனக்குக் குறைந்திருக்கிறது! பார் போட்டால் சுமை மாறுவதே குறைகிறது, அதனால் பிடிப்பு கூடுகிறது. இதுதான் உண்மை.

பதில்: வாங்க. இதற்காகத்தான் காத்திருந்தேன்.

1200 கிலோ கார், எடை மையம் தரையிலிருந்து 55 செ.மீ., இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடைவெளி 1.5 மீட்டர். அரை ஜி, அதாவது வண்டி எடையில் பாதி அளவு பக்கவாட்டு விசை வரும்படி வளைகிறது. மாறும் சுமை 1200 × 0.5 × 0.55 ÷ 1.5, அதாவது 220 கிலோ. இந்தக் கணக்கில் பார் எங்கே வருகிறது? வராது. சாய்வு குறைவதால் எடை மையம் ஓரம் நகர்வது துளி குறையும், அது சில்லறை. 220ஐ முன்னும் பின்னும் எப்படிப் பங்கு போடுவது என்பதில்தான் பாருக்கு அதிகாரம். முன்னால் 132, பின்னால் 88 என்று இருந்ததை, பின் பார் இறுகினால் 120, 100 என்று மாற்றலாம். பங்கு மாறினால் பிடிப்பு ஏன் மாறுகிறது? ஒரு டயர் மேல் சுமை இரட்டிப்பானால் அதன் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை, கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும். அதனால் ஓர் அச்சின் இரண்டு டயருக்கும் சுமை சமமாக இருக்கும்போது மொத்தப் பிடிப்பு அதிகம், ஏற்றத்தாழ்வு கூடக்கூடக் குறைவு.

அதே நண்பர் மீண்டும்: காகிதக் கணக்கு சார். நான் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன். என் முன் டயரின் வெளி ஓரம் முன்பு மொட்டையாகும். இப்போது சீராகத் தேய்கிறது. இதற்கு உங்கள் கணக்கில் பதில் உண்டா?

பதில்: உண்டு, அதில் உங்களுக்குப் பாதி வெற்றியும் உண்டு. வெளி ஓரம் என்று நீங்கள் சொன்னதுதான் துப்பு. ஷாக் அப்சார்பரே சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் மாக்ஃபர்சன் ஸ்ட்ரட் வண்டி சாயும்போது வெளிப்பக்க முன் சக்கரமும் கூடவே சாய்ந்து, டயரின் வெளி ஓரத்தில் ஏறி நிற்கும். சாய்வைக் குறைத்தால் டயர் மீண்டும் பாதம் பதிக்கும். சில வண்டிகளில் இப்படிக் கிடைக்கும் லாபம், சுமைப் பங்கால் வரும் நஷ்டத்தைவிடப் பெரிது. உங்களுடையது அப்படிப்பட்ட வண்டி. ஆக, முன் பார் உங்களுக்கு உதவியது உண்மை. சுமை மாறுவது குறைந்ததால் உதவியது என்பது தவறு.

இன்னொருவர்: அப்படியென்றால் பாருக்குப் பதிலாக முன் கேம்பரை, அதாவது சக்கரம் நிற்கும் சாய்வை, மாற்றினாலே போதுமே?

பதில்: ஆமாம். முன் சக்கரத்தின் தலையை ஒரு டிகிரி உள்ளே சாய்த்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் பலர் பார் வாங்கவே மாட்டார்கள். அலைன்மென்ட்டில் சரிசெய்ய வழியில்லாத வண்டிகளுக்கு கேம்பர் போல்ட் கிடைக்கும்.

அதே நண்பர், மூன்றாவது தடவை: பாதி வெற்றி என்றால் பாதியைத் தோற்றது நீங்கள்.

பதில்: ஒத்துக்கொள்கிறேன். அடுத்த கேள்விக்கு வழி விடுங்கள்.

கேள்வி: வளைவில் என் காரின் உள்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டு எழும்புகிறதாம். நண்பர் போட்டோ எடுத்திருக்கிறார். ஆபத்தா?

பதில்: முன்சக்கர வண்டிகளில் இது பழைய காட்சி. 1976-ல் வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐ மூன்று காலில் நிற்கும் போட்டோக்கள் எத்தனையோ இருக்கின்றன. மேலே சொன்ன அதே வண்டியில் பின் சக்கரம் ஒவ்வொன்றிலும் 240 கிலோ இருந்தால், அந்த 240உம் வெளிப்பக்கம் போனதும் உள்சக்கரம் காற்றில். அதன்பிறகு பின்பக்கம் வாங்கிக்கொள்ள எதுவும் மிச்சமில்லை, மேலே வரும் சுமையெல்லாம் முன்னால்தான் போகும். எழும்புவதே ஆபத்து என்று சொல்ல மாட்டேன். பொதுச் சாலையில் அந்த அளவுக்கு வளைக்கிறீர்கள் என்பதுதான் ஆபத்து.

கேள்வி: பின்சக்கரம் தள்ளும் செடான். பின் பாரை மட்டும் தடியாக்கலாமா?

பதில்: வேண்டாம். உள்பக்கப் பின் சக்கரம் லேசாகும், எஞ்சின் பலத்தை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் சாதாரணமானதாக இருந்தால் அந்தச் சக்கரம் வெறுமனே சுற்றும், மழையில் வால் ஆடும். பின்பக்கம் முந்திக்கொள்ளும் வண்டிக்கு மருந்து முன் பாரில் இருக்கிறது. 1960 மாடலாக வந்த ஷெவர்லே கார்வேருக்கு எஞ்சின் பின்னால், பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், அதாவது சக்கரம் ஏறி இறங்கும்போது கூடவே சாயும் அமைப்பு. ஆரம்ப மாடல்களில் முன் பார் ஸ்டாண்டர்டாக வரவில்லை. பெரும் சர்ச்சைக்கு ஆளான கார் அது. 1964 மாடலில் முன்னால் ஸ்டெபிலைசர் பாரையும் பின்னால் குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங்கையும் சேர்த்தார்கள். முன்னால் சேர்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: நானே மாட்டலாமா? மாட்டிய பிறகு 'டக் டக்' சத்தம் வருகிறது என்கிறார்களே?

பதில்: மாட்டலாம். இரண்டு பின் சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஜாக் வைத்தால் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், போல்ட் வராது, வந்தால் பார் கையில் அடிக்கும். ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் போகக் கூடாது. பாரின் நுனியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் குட்டிக் கம்பியான லிங்க் ராடின் நட்டைத் திருப்பினால் உள்ளே இருக்கும் பால் ஜாயின்டும் கூடவே சுற்றும். பெரும்பாலான லிங்குகளில் நுனியில் ஆலன் கீ நுழையும் குழி இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு ஸ்பானரால் திருப்புங்கள். துரு ஏறி அந்தக் குழி தேய்ந்து போயிருந்தால் ஒரு மாலைப்பொழுது போச்சு.

பாரைச் சுற்றிப் பிடிக்கும் புஷ் ரப்பராக இல்லாமல் பாலியூரித்தேன் என்றால் சிலிக்கான் கிரீஸ் தாராளமாகத் தடவுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு வேகத்தடையிலும் கதவுக் கீல்போல் கிறீச்சிடும். கடைசி இறுக்கம் வண்டி நான்கு சக்கரத்தில் சமதரையில் நிற்கும்போது. நீளம் மாற்றக்கூடிய லிங்க் என்றால், அந்த நிலையில் போல்ட் விரலாலேயே உள்ளே போகும்வரை நீளத்தைச் சரிசெய்யுங்கள். நெம்பி நுழைத்தால் பார் நிற்கும்போதே முறுக்கோடு இருக்கும். வண்டி இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும்.

பிரேக் ஹோஸும் சைலன்சரும் பாரில் உரசுகிறதா என்று சக்கரம் தொங்கும்போதும் அமுங்கும்போதும் பாருங்கள். 'டக் டக்' என்றால் முக்கால்வாசி லிங்க் நட்டு தளர்ந்திருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்குங்கள். அப்போதே பார் பிடிக்கும் பிராக்கெட்டைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் உரிந்து முடிபோல் ஒரு கோடு தெரிந்தால் அது விரிசல். பழைய பாருக்குக் கணக்கு போட்ட தகடு அது.

கேள்வி: சொகுசு குறையுமா?

பதில்: நேராக ஏறும் வேகத்தடையில் தெரியாது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் தலை பக்கவாட்டில் ஆடும். பின்சீட்டில் இருப்பவர்கள் முதலில் சொல்வார்கள்.

கேள்வி: வண்டி நழுவாமல் பிடிக்கும் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு, இ.எஸ்.சி., இருக்கும்போது பின்பக்கம் நழுவினால் என்ன, அது பார்த்துக்கொள்ளாதா?

பதில்: ஓரளவு. அது பெரும்பாலும் பிரேக் பிடித்துத்தான் காப்பாற்றும். பிரேக்கும் அதே டயரை நம்பித்தான் இருக்கிறது. பின் டயரைப் பாருங்கள்.

கேள்வி: 19க்கு 22 போடலாமா சார்?

பதில்: முதல் பதிலைப் படித்தீர்களா?

அவரே: படித்தேன் சார். பின் டயர் வழுக்கைதான். பார் போட்டுவிட்டு அடுத்த மாதம் மாற்றலாம் என்று…

பதில்: வரிசையை மாற்றுங்கள். டயர் இந்த மாதம், பார் அடுத்த மாதம்.