பக்கத்துத் தீவுக்கு நான்கு நாள்: வாசகர் கேள்விகள்

டிரினிடாடின் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரு டிராவல் ஏஜென்சியின் கவுண்ட்டரில் பதினோரு ஆண்டுகள் டிக்கெட் போட்டவள் நான் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கரீபியன் தீவுகளிலிருந்தும், அங்கே உறவினர் உள்ள வீடுகளிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த இதழ் முழுவதும் அவற்றுக்கே.

கே: நானும் கணவரும் டிரினிடாடில், சான் பெர்னாண்டோவில் வேலை பார்க்கிறோம். ஜனவரியில் கும்பகோணத்திலிருந்து என் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள், சைவம். அவர்களைப் பக்கத்துத் தீவான கிரெனடாவுக்கு அழைத்துப் போக ஓர் ஏஜென்சி மூன்று பகல், இரண்டு இரவு பேக்கேஜ் சொல்கிறது. சாப்பாடு, பானம் எல்லாம் சேர்ந்த திட்டம் நல்லதா, காலை உணவு மட்டும் உள்ளது நல்லதா? வேறு என்ன கேட்க வேண்டும், அக்கா?
– வாசகி, சான் பெர்னாண்டோ

ப: ஹோட்டலைப் பிறகு பார்க்கலாம் அம்மா. முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. மஞ்சள் காய்ச்சல் பரவக்கூடிய இடங்களின் பட்டியலில் டிரினிடாட் இருக்கிறது. அங்கிருந்து வருபவர்களிடம் கிரெனடாவும் சான்றிதழ் கேட்கும், இந்தியாவும் கேட்கும். அந்த அட்டை இல்லாமல் போய் இறங்கினால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். அறுபது வயதுக்கு மேல் இந்த ஊசியை டாக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது. ஆகவே இன்றைக்கே கும்பகோணத்துக்குப் போன் செய்து, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் இருவரையும் போகச் சொல்லுங்கள். அவர் சொல்வதை வைத்துத்தான் மற்ற எல்லாம்.

அடுத்து, அந்த 'மூன்று பகல், இரண்டு இரவு'. கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் சொல்கிறேன், பேக்கேஜ் மலிவாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் விமான நேரம்தான் காரணம். பியார்கோ விமான நிலையத்திலிருந்து கிரெனடா முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆனால் புறப்படுவது இரவு எட்டு மணிக்கும், திரும்புவது மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கும் என்றால் உங்கள் கையில் கிடைப்பது நடுவில் உள்ள ஒரே ஒரு பகல். தாளில் என்னவோ மூன்று என்றுதான் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விமானங்களின் நேரத்தையும் எழுதி வாங்குங்கள். விமானச் செலவு எப்படியும் ஆகிவிட்டது. அதற்கு மேல் ஹோட்டலில் ஓரிரவு கூட்டுவதற்கு அதிகம் ஆகாது. நான் எத்தனையோ குடும்பங்களை நான்கு பகல், மூன்று இரவுக்கு மாற்றி அனுப்பியிருக்கிறேன். திரும்பி வந்து யாரும் வருத்தப்பட்டதில்லை.

விளம்பரத்தில் இருக்கும் விலை, ஓர் அறையில் இருவர் தங்கினால் தலைக்கு ஆகும் விலை. நீங்கள் நால்வர், இரண்டு அறை என்பதால் அது பொருந்தும். ஒரே அறையில் கூடுதல் கட்டில் போட்டுத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வயதானவர்களுக்கு இரவில் குளியலறை பக்கத்தில் இருக்க வேண்டும். அறை தரைத்தளமா என்று கேளுங்கள். அங்கே பல ஹோட்டல்கள் மலைச்சரிவில் கட்டியவை, கடற்கரைக்கு இறங்க அறுபது எழுபது படிகள் இருக்கும். வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்த விலையா, விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு வண்டி உண்டா என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். வண்டி உண்டு என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி, கைக்குழந்தையோடு இரவு பத்து மணிக்கு விமான நிலைய வாசலில் நானே நின்றிருக்கிறேன்.

இனிச் சாப்பாடு. எல்லாம் சேர்ந்த திட்டத்தில் உங்கள் பணத்தின் பெரும்பகுதி மதுவுக்கும் மீன், இறால், இறைச்சிக்கும் போகிறது. அவற்றைத் தொடாத இரண்டு பெரியவர்களுக்காக அந்த விலையைக் கொடுக்க வேண்டாம். சிறு சமையலறையோடு கூடிய அறைகளைக் கேளுங்கள், கிராண்ட் ஆன்ஸ் கடற்கரைப் பக்கம் நிறைய உண்டு. வெளியே சாப்பிடும்போது 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் போதாது, மீன் சைவத்தில் சேர்த்தி என்று நினைப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். 'ஐட்டல்' உணவு என்று கேளுங்கள். ராஸ்தஃபாரி சமயத்தினரின் சமையல் அது, இறைச்சி கிடையாது, பல இடங்களில் உப்பும் கிடையாது. கலலூ என்பது நம் சேப்பங்கிழங்கு இலை போன்ற ஒன்றைக் கடைந்து செய்வது. அப்பாவுக்குக் கீரை மசியல் நினைவு வரும். ஆனால் நண்டோ உப்புக்கண்டமோ போடாமல் செய்ததா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். அந்நாட்டின் தேசிய உணவான ஆயில் டவுனில் கறிப்பலா, தேங்காய்ப்பால், மஞ்சள் எல்லாம் இருக்கும், கூடவே உப்பிட்ட இறைச்சியும் இருக்கும். முதல் நாளே சொல்லிவைத்தால் இறைச்சி இல்லாமல் செய்து தருவார்கள். பருப்புப் பூரி ரொட்டி அங்கேயும் கிடைக்கும்.

சோறு வடிக்கக் குக்கர் எடுத்துப் போவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். டிரினிடாடில் மின்சாரம் 115 வோல்ட், கிரெனடாவில் 230. என் அம்மாவோடு கிரெனடா போனபோது இது தெரியாமல், சான் பெர்னாண்டோவில் வாங்கிய புத்தம்புதுக் குக்கரில் அரிசி களைந்து போட்டு, மாற்றுச் செருகி வைத்து ஸ்விட்சைத் தட்டினேன். பட்டென்று ஒரு சத்தம், கருகல் வாடை, அறை முழுக்க இருட்டு. அன்றிரவு என் அம்மா வாழைப்பழமும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். உங்கள் அம்மாவைக் கும்பகோணத்திலிருந்தே ஒரு சிறிய குக்கர் கொண்டுவரச் சொல்லுங்கள். இந்தியக் குக்கருக்கு அந்த மின்சாரம் சரியாக இருக்கும், மூன்று சதுரக் கம்பி உள்ள செருகி மட்டும் போதும்.

எங்கே அழைத்துப் போவது என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். ஒரு பகலை மேற்குக் கரையில் உள்ள குயாவ் ஊருக்கு ஒதுக்குங்கள். என் அம்மாவுக்கு ஜாதிக்காய் என்றால் உரைமருந்துக் கல்லில் வசம்போடும் மாசிக்காயோடும் இழைக்கும் பழுப்புக் கொட்டைதான். அது மரத்தில் எப்படி இருக்கும் என்று எழுபது வயதுவரை அவர் பார்த்ததில்லை. எங்களை ஏற்றிச் சென்ற ஓட்டுநர் வழியில் தன் வீட்டுக் கொல்லையில் வண்டியை நிறுத்தி, வெடித்து விழுந்திருந்த ஒரு பழத்தை எடுத்து அம்மா கையில் வைத்தார். வெளியே வெளிர்மஞ்சள் தோல், இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே கறுத்துப் பளபளத்த கொட்டை. அதன்மேல் வலை பின்னியதுபோல் ஈரமாகச் செக்கச்சிவந்த ஜாதிபத்திரி. "இவ்வளவு சிவப்பா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு அம்மா அதை மூக்கருகில் வைத்துக்கொண்டே இருந்தார். குயாவில் உள்ள பழைய மரக்கட்டடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டைகளைக் கையால் தரம் பிரிப்பார்கள். தண்ணீரில் போட்டால் மூழ்குவது நல்ல காய், மிதப்பது மட்டமானது. 2004 செப்டம்பரில் ஐவன் புயல் இந்தத் தீவின் ஜாதிக்காய் மரங்களில் பெரும்பாலானவற்றைச் சாய்த்துவிட்டது. ஜாதிக்காயைத் தேசியக் கொடியிலேயே வைத்திருக்கும் நாடு அது. கன்று நட்டுக் காய்ப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களின் வேலையைத்தான் நீங்கள் அங்கே பார்ப்பீர்கள். ஒரு பொட்டலம் கட்டாயம் வாங்கி வாருங்கள்.

அருவி பார்க்க ஆசைப்பட்டால் அனந்தேல் போதும், வண்டியை விட்டு இறங்கிச் சில நிமிடம் நடந்தால் வந்துவிடும். ஏழு சகோதரிகள் அருவிக்கு வழுக்கும் சேற்றுப் பாதை, பெரியவர்களோடு வேண்டாம். தலைநகர் செயின்ட் ஜார்ஜஸுக்குப் போக 1 என்று எண்ணிட்ட வேன் பஸ்ஸில் ஏறுங்கள், இறங்கும் இடம் வந்ததும் உள்ளிருந்து தட்டினால் நிறுத்துவார்கள். பணத்தைப் பொறுத்தவரை, கிழக்குக் கரீபியன் டாலர் 2.70 சேர்ந்தால் ஓர் அமெரிக்க டாலர், 1976 முதல் இதே கணக்குத்தான். டிரினிடாட் டாலரை நம்பிப் போகாதீர்கள். டிரினிடாட் வங்கிகளில் அமெரிக்க டாலர் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும். ஒரு மாதம் முன்பே கேட்டுவையுங்கள், கார்டில் வெளிநாட்டுச் செலவு வரம்பு எவ்வளவு என்றும் பாருங்கள். திரும்பி வரும்போது உங்கள் பெற்றோர் பியார்கோவில் மறுபடி குடியேற்ற அதிகாரி முன் நிற்க வேண்டும். இந்தியா திரும்பும் டிக்கெட்டின் அச்சுப்படி அம்மாவின் கைப்பையிலேயே இருக்கட்டும்.

கே: செப்டம்பரில் பக்கத்துத் தீவுகளுக்கெல்லாம் பேக்கேஜ் பாதி விலைக்குக் கிடைக்கிறது. எடுக்கலாமா?
– வாசகர், சகுவானஸ்

ப: ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம், ஆகஸ்டும் செப்டம்பரும் அதன் உச்சம். அதனால்தான் பாதி விலை. டிரினிடாட் தெற்கே ஒதுங்கி இருப்பதால் அங்கே வாழ்பவர்களுக்கு இந்தப் பயம் மறந்துவிடுகிறது. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கூ தீவைத் தாக்கி வீட்டுக் கூரைகளையெல்லாம் பிய்த்து எறிந்தது. பருவம் தொடங்கி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பேக்கேஜுக்குப் பணம் கட்டும் அன்றே பயணக் காப்பீடும் எடுத்துவிடுங்கள். ஒரு புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கும் காப்பீடு அந்தப் புயலுக்குச் செல்லாது. வானிலைச் செய்தியைப் பார்த்துவிட்டுக் காப்பீடு வாங்கக் கவுண்ட்டருக்கு ஓடி வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

கே: டொபேகோவுக்குக் குடும்பத்தோடு போகிறோம். கப்பலா, விமானமா?
– வாசகர், கூவா

ப: சொந்தக் காரைக் கொண்டுபோக வேண்டுமென்றால் கப்பல், இல்லாவிட்டால் விமானம். போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து ஸ்கார்பரோவுக்குக் கப்பலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம், விமானத்தில் அரை மணி நேரம்கூட ஆகாது. கப்பல் போக்காஸ் நீரிணையைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்ததும் ஆட்டம் தொடங்கும். முன்பக்கம் உட்காராமல் நடுவில், கீழ்த்தளத்தில் உட்காருங்கள். குழந்தைகளுக்கு வயிறு முட்டச் சாப்பாடு கொடுத்து ஏற்ற வேண்டாம், இஞ்சி மிட்டாய் போதும். ஈஸ்டருக்கு என்றால் டிக்கெட்டை இப்போதே எடுங்கள். ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாயன்று புக்கூ கிராமத்தில் நடக்கும் ஆட்டுப் பந்தயத்துக்காகவே டிரினிடாட் பாதி அங்கே போய்விடும்.

நைலான் பூல் எல்லோரும் காட்டும் இடம். நடுக்கடலில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கலாம், குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். எனக்கு அதைவிடப் பெரிது மெயின் ரிட்ஜ் காடு. மழை பொழிவதற்குக் காடு வேண்டும் என்று 1776ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுக் காத்த காடு அது. 1963இல் ஃப்ளோரா புயல் அதைத் தரைமட்டமாக்கியது, இன்று மறுபடி அடர்ந்து நிற்கிறது. கில்பின் பாதையின் வாசலில் ரப்பர் பூட்ஸ் வாடகைக்குக் கிடைக்கும், வெட்கப்படாமல் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.

கே: சென்னையிலிருந்து நேராக டிரினிடாட், டொபேகோ பேக்கேஜ் உண்டா?
– வாசகர், தாம்பரம்

ப: நேரடி விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாகப் போவதானால் விமானம் மாறுவதற்கே அந்த நாட்டு விசா வேண்டும். இதைச் சொல்லாமல் விலையை மட்டும் சொல்லும் ஏஜென்சியிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கே: என் அக்கா குடும்பம் மார்டினிக்கில் இருக்கிறது. அவர்களைப் பார்க்கப் போகும்போது பக்கத்தில் உள்ள குவாதலூப்புக்கும் போய் அங்குள்ள மாரியம்மன் கோயிலைப் பார்க்க ஆசை. என்னிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். பேக்கேஜில் போகலாமா?
– வாசகி, புதுச்சேரி

ப: முதலில் விசா. இரண்டு தீவுகளும் பிரான்சுதான், ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் இல்லை. பாரிஸுக்கு வாங்கிய ஷெங்கன் விசா இருக்கிறதே என்று கிளம்பிவிடாதீர்கள். கடல்கடந்த மாவட்டங்களுக்குச் செல்லும் விசா வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே கேளுங்கள், இரண்டு தீவுகளின் பெயரையும் எழுதுங்கள்.

மார்டினிக்கின் ஃபோர்-த-பிரான்சிலிருந்து கப்பல் டொமினிக்கா தீவைத் தொட்டு, குவாதலூப்பின் புவாந்த்-ஆ-பீத்ர் போகும். எல்லா நாளும் கிடையாது, ஆகவே கப்பல் நாளை முதலில் பார்த்துவிட்டு அதற்கேற்ப ஹோட்டலைப் போடுங்கள். பேக்கேஜ்களில் வருவது கடற்கரை ஹோட்டலும் படகுச் சவாரியும்தான். கோயில் எதிலும் இருக்காது. கப்பலும் அறையும் மட்டும் வாங்கிக்கொண்டு, காரைத் தனியாக வாடகைக்கு எடுங்கள்.

கப்பெஸ்தேர்-பெல்-ஓ ஊரில் ஷாங்கி என்ற இடத்தில், சாலையோரத்திலேயே வண்ணச் சிலைகளோடு கோயில் நிற்கிறது. 1854 டிசம்பரில் முதல் கப்பல் வந்ததிலிருந்து சுமார் 42,000 பேர் இந்தியாவிலிருந்து அந்தத் தீவுக்குக் கரும்பு வெட்டக் கொண்டுபோகப்பட்டார்கள். உங்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள் அவர்களில் ஏராளம். அந்த ஊரில் 1863இல் பிறந்த ஆன்ரி சிதம்பரம், இந்திய வம்சாவளியினருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று 1904இல் வழக்கில் இறங்கி, 1923 வரை விடாமல் போராடியவர். மாரியம்மன் அங்கே மாலியெமின் ஆகியிருக்கிறாள், மதுரைவீரன் மால்தெவிலின் ஆகியிருக்கிறார். பேசுபவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் பெயர்களைக் காதால் கேட்டாலே உங்களுக்குப் புரிந்துவிடும்.

பூசை நாளில் போவதானால் ஆட்டுப்பலி இருக்கும், சிறு குழந்தைகள் உடன் வந்தால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கொலம்போ கேளுங்கள். மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள் எல்லாம் அரைத்துச் சேர்த்த நம் குழம்பின் வாசனை அதில் அப்படியே இருக்கும். அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே ஓட்டுவது பிரான்சில் போல வலப்பக்கம், காரை அவர் ஓட்டட்டும்.