ரெக்கார்டு நோட்டை எழுதியது யார்?

கேள்வி: தக்கலை பக்கம் எங்கள் ஊர். கணவர் ரப்பர் பால் வெட்டுகிறார். மகன் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. ஒரு வகுப்பையும் விட்டதில்லை. ஆனாலும் சார் இன்டர்னல் மார்க்கைக் குறைத்துவிட்டார், இரண்டு அரியர். கை வலிக்கிறது என்பான் என்று ரெக்கார்டு நோட்டைக்கூட ராத்திரி நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். அப்பா வந்து துறைத்தலைவரிடம் பேச வேண்டும் என்று சண்டை போடுகிறான். அனுப்பட்டுமா?

பதில்: அனுப்பாதீர்கள், சகோதரி.

அரியர் இருக்கட்டும். போகிற போக்கில் ரெக்கார்டு நோட்டைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். ஆய்வகத்தில் நின்று அளவெடுத்தவன் அவன். அதை எழுதும்போதுதான் என்ன செய்தோம், எங்கே பிசகியது என்பது மண்டையில் ஏறும். அந்த நேரத்தில் அவன் தூங்குகிறான். நீங்கள் ஸ்கேலும் பென்சிலுமாகப் படம் வரைந்துகொண்டிருக்கிறீர்கள். காலையில் அவன் கொண்டுபோய் நீட்டுவது உங்கள் உழைப்பை. மார்க் குறைந்தால் வெட்கம் எங்கிருந்து வரும்? கோபம்தான் வரும். நல்ல மார்க் என்றால் ‘நான் வாங்கினேன்’, குறைந்தால் ‘சார் போடவில்லை’. உங்கள் கடிதத்திலும் அதே பேச்சுதான்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் எல்லன் கிரீன்பெர்கர் குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான வகுப்புகளுக்கு வந்தாலே ‘பி’ கிரேடு தர வேண்டும் என்று மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள் சொன்னார்கள். இப்படி உரிமை கொண்டாடியவர்களிடம் படிப்பில் சாதித்தாக வேண்டுமே என்ற பதற்றமும் அதிகம். மற்றவர்களோடு ஒப்பிட்டு நெருக்கினார்கள், மார்க்குக்குப் பரிசுப் பொருள் வாங்கித் தந்தார்கள் என்று தங்கள் பெற்றோரைப் பற்றிச் சொன்ன பிள்ளைகளிடம்தான் இந்தப் போக்கு அதிகம். உங்கள் மகனின் சத்தத்துக்கு அடியிலும் பயம் இருக்கலாம். உட்கார வைத்துக் கேளுங்கள்.

ஆனால் அவன் அப்பாவை விட்டுவிடுங்கள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடக்கிறவர். மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. சிரட்டையில் பால் குறைந்தால் அவர் யாரிடம் போய் முறையிடுகிறார்? அந்த மனிதர் ஒரு நாள் கூலியை விட்டு, மகன் எழுதாத நோட்டுக்காக இன்னொருவர் முன் கைகட்டி நிற்க வேண்டுமா? படிக்கும்போதே எனக்கு வயிறு எரிந்தது. பெற்றவரைத் தலைகுனிய விடாமல் காப்பது பிள்ளையின் கடமை. அதைச் சொல்லி வளர்ப்பது உங்கள் கடமை, இதுவரை செய்யவில்லை.

ஆசிரியரை அவனே போய்ப் பார்க்கட்டும். மார்க் எங்கே போயிற்று என்று விடைத்தாளை வைத்துக் கேட்கட்டும். செமஸ்டர் விடுமுறையில் பத்து நாள் அப்பாவோடு தோட்டத்துக்கு அனுப்புங்கள். அடுத்த ரெக்கார்டு வெற்றுத்தாளாகவே கிடந்தாலும் தொடாதீர்கள். கை வலிக்கிறது என்றால் எண்ணெய் தேய்த்துவிடுங்கள்; பேனாவை மட்டும் வாங்காதீர்கள்.